அண்ணி பாலிஷ் போட்ட பந்து

என் அண்ணி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். ஆட்கள் அப்புறம். எங்கள் வீட்டுக்கு அவள் முதன்முதலாக வந்த அன்று, அண்ணன் வாசலில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்க, அவள் அவனைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து, ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, கட்டை விரலால் தரையை ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

"ஏதாவது கீழ விழுந்துடுச்சா?" என்று அண்ணன் பதறினான்.

"இல்லைங்க. இந்தத் தரையை யாரோ சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவியிருக்காங்க. பாவம்," என்றாள்.

பாவம் என்றது தரையை. கழுவியது நான். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். ஏனோ பிடித்துவிட்டது.

தரைக்குப் பாலிஷ் போடுவது அவள் தொழில். பத்தொன்பது வயதில் பிடித்த மெஷினை ஐம்பத்து நாலு வயதிலும் விடவில்லை. ஒரு வங்கி, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு கண் ஆஸ்பத்திரி என்று வாரம் முழுக்க வேலை. விடியும்போது போவாள். ஆட்கள் வந்து சேருவதற்குள் மெஷினின் வயரைச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவாள். ஈரம் காயுமுன் யாரும் மிதிக்கக் கூடாது, அதனால் யாரும் இல்லாத நேரத்தில்தான் அந்த வேலை. அந்த மெஷினை லேசாக நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை, "இதுல என்ன இருக்கு, குடுங்க அண்ணி," என்று நான் வாங்கிப் பார்த்தேன். அது என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியர் அறைக் கதவில் முட்டி நிறுத்தியது. அண்ணி ஒரு கையால் அதை அணைத்தாள், மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிப்பை அப்படி அடக்கியது எனக்காக இல்லை, கதவில் கீறல் விழுந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். கதவுக் குமிழ், குழாய், சாப்பாட்டு மேஜை, அண்ணனின் ஷூ எல்லாம் மின்னும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வருகிறவன். இந்த இரண்டு பேரையும் யார் எந்த நேரத்தில் சேர்த்து வைத்தார்களோ தெரியாது. முப்பது வருஷமாக அவன் வாசலிலேயே நின்று, "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

இப்படிப்பட்டவள் பௌலிங் ஆட வந்தது டிரைவரம்மாவால். நீளமான மரப்பாதையில் கனமான பந்தை உருட்டி, அந்தக் கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம் அது. அண்ணி விடியற்காலையில் ஏறுகிற முதல் பஸ்ஸை ஓட்டுகிறவள் டிரைவரம்மா. அந்த நேரத்தில் பஸ்ஸில் இருப்பது இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்பதால் சிநேகம் தானாக வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண்களுக்கான போட்டி ஒன்று நடக்கிறது, அணிக்கு மூன்று பேர் வேண்டும் என்று டிரைவரம்மா சொல்ல, மூன்றாவது ஆளாக என்னைப் பிடித்துப் போட்டார்கள். நான் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடி விற்கிறவள். எனக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது என்பதை இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் அணிக்கு ‘ஆறு முழங்கால்’ என்று பெயர் வைத்தோம். மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு. அதில் ஒழுங்காக வேலை செய்வது இரண்டு.

ஒன்பது வருஷம் ஆடினோம். எட்டு அணிகளில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வருவோம், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இந்த வருஷம்தான் வந்தது வினை. ஆட்டக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அடுத்த பருவத்திலிருந்து செவ்வாய்க்கிழமைப் போட்டியில் ஆறு அணிகள்தான். கடைசி இரண்டு அணிகளுக்கு இடமில்லை. நாங்கள் ஏழாவது இடத்தில் இருந்தோம். ஆறாவது இடத்தில் மருந்துக்கடைக்காரிகள். கடைசி ஆட்டம் அவர்களோடுதான். ஜெயித்தால் நாங்கள் உள்ளே, அவர்கள் வெளியே.

"போனாப் போகுது அண்ணி. செவ்வாய்க்கிழமை நீச்சலுக்குப் போகலாம்," என்றேன்.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த அண்ணி முடிச்சைப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடியும் போட்டாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா வேலை பாக்கறேன். நான் வேலை செய்யறதை ஒருத்தரும் பாத்ததில்லடி. தரையைப் பாக்கறப்போ நான் அங்க இருக்க மாட்டேன். செவ்வாக்கிழமை மட்டும்தான் நான் ஒரு காரியத்தை முடிச்சதும் பின்னாடி யாராவது கை தட்டறாங்க. நீச்சல்ல யாரு தட்டுவா?"

எனக்குச் சுரீர் என்றது. இந்தப் பெண்ணுக்காக எப்படியாவது ஜெயித்துத் தொலைக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். ஆனால் முடிவு செய்து என்ன பயன்? நான் ஆடுகிற லட்சணத்துக்கு ஜெயிக்க வேண்டியவள் அவள்தான்.

அவள் அதுவரை ஆடியது கூடத்திலேயே கிடக்கும் பொதுப் பந்தில். யார் யார் விரலுக்கோ போட்ட துளை, காரட் நிறம், நேராகப் போவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத பந்து. சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கூடத்தை ஒட்டியிருந்த பந்துக் கடைக்குப் போனோம். அங்கே விரலை அளந்து பந்தில் துளை போடுகிறவரைத் துளைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பேச்சுக்குப் பேச்சு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், பிறகு அதைத் தேடுவார்.

"எந்த மாதிரி லேன்ல ஆடப் போறீங்க?" என்று கேட்டார்.

லேன் என்பது அந்த மரப்பாதை. அதன் மேல் தினமும் மெஷின் வைத்து மெல்லிசாக எண்ணெய் பூசுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் இருக்கிற இடத்தில் பந்து வழுக்கும், இல்லாத இடத்தில் பிடித்துக்கொண்டு வளையும். ஆட்டமே அதில்தான் இருக்கிறது என்பது ஒன்பது வருஷமாக ஆடுகிற எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அண்ணிக்குத் தெரிந்திருந்தது.

"இதே கூடத்துலதான். நாப்பது அடி வரைக்கும் எண்ணெய், அதுக்கப்புறம் காய்ஞ்ச தரை. நடுவுல கொஞ்சம் கனமா, ஓரத்துல மெலிசா பூசறாங்க. ரொம்பவும் இல்ல, கம்மியும் இல்ல. நடுத்தரம்," என்றாள்.

துளைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தரைதானே," என்றாள் அண்ணி.

அவர் மூன்று பந்துகளை எடுத்துவந்து, உருட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொன்னார். முதலாவது, சிலேட்டு மாதிரி கறுப்பு. எண்ணெய் வழிய வழிய இருக்கும் லேனுக்கான முரட்டுப் பந்து. அண்ணி உருட்டியதும் அது பாதி வழியிலேயே வளைய ஆரம்பித்து, கட்டைகளிடம் போவதற்குள் மூச்சு வாங்கி, இடப்பக்கம் போய் இரண்டைத் தட்டியது. இரண்டாவது, ஊதா நிறம், கண்ணாடி போலப் பளபளப்பு. அண்ணிக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அது காய்ந்த லேனுக்கானது. ஒருமுறை பத்தும் விழுந்தது, அடுத்த முறை நேராக ஓடிப்போய் ஓரத்தில் ஒன்றைத் தொட்டுவிட்டு மறைந்தது. மூன்றாவது நீலம். மேல்தோல் மங்கல், ஈரத் துணியால் துடைத்து அப்படியே விட்ட மாதிரி. ஆனால் மூன்று முறை உருட்டினாள், மூன்று முறையும் ஒரே இடத்தில் திரும்பியது.

"இது சொன்ன பேச்சு கேக்குது," என்றாள் அண்ணி.

"நடுத்தர எண்ணெய்க்கு இதுதாம்மா சரி. ரொம்ப முந்தியும் திரும்பாது, ரொம்பப் பிந்தியும் திரும்பாது," என்றார் துளைக்காரர். அண்ணி ஊதாப் பந்தை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு நீலத்தை எடுத்துக்கொண்டாள். அவர் அவளுடைய கட்டை விரலை மூன்று தரம் அளந்து, துளை போட்டு, உள்விளிம்பை உப்புத்தாள் சுருட்டித் தேய்த்துக் கொடுத்தார். கைக்கு அப்படியே பொருந்தியது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அண்ணி பந்துப் பையை மடியில் வைத்திருந்தாள். தான் பெற்ற பிள்ளைகளைக்கூட அவள் இப்படி வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மூன்று வாரம் பயிற்சி. ஓர் ஆட்டத்தில் நூற்றுப் பதினெட்டைத் தாண்டாதவள் நூற்று நாற்பதைத் தொட்டாள். டிரைவரம்மா பஸ்ஸில் போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தலை கால் புரியவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜை மேல் பழைய போர்வையை விரித்து, அதன் நடுவில் பந்தை வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய சின்னக் கை மெஷின், வெள்ளைப் பஞ்சுத் தட்டு, பாலிஷ் டப்பா. பந்தின் மேல் எண்ணெய்த் தடங்கள் வட்டவட்டமாக இருந்தன.

"எவ்வளவு மங்கலா இருக்கு பாருடி. நாளன்னைக்கு அவ்வளவு பேரு முன்னாடி இதையா தூக்கிட்டுப் போறது? மனசே கேக்கல," என்றாள்.

மெஷின் ஓடியது. ஒரு மணி நேரத்தில் பந்தில் ஜன்னல் தெரிந்தது, விளக்குத் தெரிந்தது, வேடிக்கை பார்த்த அண்ணன் குனிந்து தன் மீசையைச் சரிசெய்துகொண்டான். "போதும்ல?" என்று அண்ணி கேட்டாள். இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்ங்க அண்ணி," என்று சொன்னது நான்தான்.

செவ்வாய்க்கிழமை. ஆட்டத்துக்கு முன் உருட்டிப் பார்க்கப் பத்து நிமிஷம் தருவார்கள். அண்ணி பையைத் திறந்து பந்தை எடுத்ததும் மருந்துக்கடைக்காரிகள்கூட, "அடேங்கப்பா!" என்றார்கள். அண்ணி கூச்சத்தோடு சிரித்துவிட்டு, வழக்கமான இடத்தில் நின்று வழக்கம்போல உருட்டினாள்.

பந்து திரும்பவே இல்லை. வழுக்கிக்கொண்டு நேராகப் போய் வலது ஓரத்தில் இரண்டு கட்டையைத் தட்டியது. மறுபடியும் உருட்டினாள். மறுபடியும் அதே கதை. மூன்றாவது பந்து கட்டைகளையே தொடாமல் லேன் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த துளைக்காரர் பக்கத்தில் வந்து, திரும்பி வந்த பந்தைத் தொட்டார். சூடு பட்டவர் மாதிரி கையை எடுத்தார்.

"யாரும்மா இதுக்குப் பாலிஷ் போட்டது?"

"நான்தான்," என்றாள் அண்ணி. நான் அருகில் இருந்த விளம்பரத்தை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, அந்த மங்கல் அழுக்கில்லம்மா! நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வேணும்னே அப்படி வெச்சது. அதுதான் எண்ணெய்ல பிடிக்கும். இப்ப இது அந்த ஊதாப் பந்து மாதிரிதான் ஓடும்."

அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலையில் அவள் ஒருநாளும் தப்புச் செய்தவள் இல்லை. இப்போது வேலையே தப்பாகப் போய்விட்டது.

"கடைக்கு எடுத்துட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல தேய்ச்சுத் தரேன்," என்றார் துளைக்காரர். அதற்குள் மணி அடித்துவிட்டது. மருந்துக்கடை முதலாளியம்மா எழுந்து நின்றாள். மருந்துச் சீட்டில் கையெழுத்து இல்லையென்றால் பெற்ற தாய்க்கே மாத்திரை தராதவள் அவள்.

"மணி அடிச்சாச்சு. இனிமே பந்தைத் தேய்க்கக் கூடாது. துடைக்கலாம், தேய்க்கக் கூடாது. விதி இருக்கு," என்றாள். விதி இருக்கத்தான் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

மூன்று ஆட்டங்கள், மூன்றையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஆட்டத்தில் அண்ணி மறுபடியும் காரட் நிறப் பந்தை எடுத்தாள். புதுத் துளைக்குப் பழகிய விரல் அதில் சிக்கிக்கொண்டது. நான் ஆடியதைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை. டிரைவரம்மா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். முப்பத்தொன்று பின்தங்கினோம்.

"விடுங்க. அடுத்த வருஷம் நீச்சல்தான்," என்றாள் டிரைவரம்மா. பாவம், நீச்சலைப் பற்றி அண்ணி சொன்னது அவளுக்குத் தெரியாது.

அண்ணி எழுந்தாள். லேன் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கீழே பார்த்தாள். பிறகு முழங்காலை ஊன்றினாள். பிறகு, அவ்வளவு பேர் பார்க்க, குப்புறப் படுத்துவிட்டாள்.

"அண்ணி! மயக்கமா?" என்று ஓடினேன்.

"விளக்கை மறைக்காத, தள்ளு," என்றாள். கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லேன் நெடுக விளக்கு வெளிச்சம் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் அவள் இப்படித்தான் பார்ப்பாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நின்று பார்த்தால் எல்லாத் தரையும் பளபளப்புதான். மெழுகு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று படுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். இரண்டு லேனில் மாறி மாறி ஆட வேண்டும் என்பதால், எழுந்து பக்கத்து லேனுக்குப் போய் அங்கேயும் ஒருமுறை படுத்தாள். கூடமே வாயைப் பிளந்து பார்த்தது. "படுக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?" என்று டிரைவரம்மா உரக்கக் கேட்டாள். மருந்துக்கடை முதலாளியம்மா சுவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நீலப் பந்தை எடுத்தாள்.

"நடுவுல எண்ணெய் இருக்கு, அங்க போட்டா இது வழுக்கத்தான் செய்யும். வலது ஓரத்துல மெலிசா இருக்கு, அங்கங்க விட்டே போயிருக்கு. காய்ஞ்ச இடத்துல போட்டா வழுவழுன்னு இருக்கறதும் பிடிக்கும். மெதுவாப் போடணும், அவ்வளவுதான்," என்று எங்களிடம் சொன்னாள், ஏதோ பள்ளிக்கூட வராந்தாவைப் பற்றிச் சொல்வது மாதிரி.

வழக்கமான இடத்திலிருந்து ஒரு முழம் வலப்பக்கம் நகர்ந்து நின்றாள். பந்தை மெதுவாக விட்டாள். அது ஓரமாகவே போயிற்று. பள்ளத்தில் விழப்போகிறது என்று நான் கண்ணை மூடினேன். சத்தம் கேட்டுத் திறந்தால் பத்தும் விழுந்து கிடந்தன. நான் குதித்த குதியில் என் கண்ணாடி கழன்று விழுந்தது. அதை டிரைவரம்மா மிதித்தாள். எங்கள் கடையில் கண்ணாடிக்குக் குறைவில்லை என்பதால் நான் கவலைப்படவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் முப்பத்தொன்று ஒன்பதாகக் குறைந்தது. மூன்றாவதில் நாங்களும் அவர்களும் மாறி மாறி முந்தினோம். கடைசியில் எல்லோரும் முடித்து, அண்ணியின் கடைசிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி. பதினாலு எடுத்தால் ஜெயித்தோம், பதின்மூன்று என்றால் சமன், அதற்கும் கீழே என்றால் நீச்சல். கடைசிக் கட்டத்தில் இரண்டு பந்துக்குள் பத்தையும் சாய்த்தால் மூன்றாவதாக ஒரு பந்து கிடைக்கும். சாய்க்காவிட்டால் அதோடு சரி.

முதல் பந்தில் ஒன்பது விழுந்தன. வலது கோடியில் ஒற்றைக் கட்டை மட்டும் ஆடி ஆடி நின்றுவிட்டது. எல்லோருக்கும் எரிச்சலைக் கிளப்புகிற கட்டை அது. அதை அடிக்கப் போகிற பந்து வளைந்துவிட்டால் தீர்ந்தது. நேராகப் போக வேண்டும். நான் ஓடிப்போய்க் காரட் நிறப் பந்தை எடுத்து நீட்டினேன்.

"வேண்டாம்," என்றாள் அண்ணி. "நேராப் போறதுக்குத்தானே நாம இதைத் தேய்ச்சு வெச்சிருக்கோம்?"

நாம் என்றாள். என் பக்கம் பார்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமையை அவள் மறக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. அவள்தான் ஏற்கெனவே தரையில் விழுந்து எழுந்திருந்தாளே என்று விட்டுவிட்டேன்.

இடது ஓரத்துக்கு வந்து நின்றாள். நடுவில் எண்ணெய் கனமாக இருந்த இடத்தின் மேல் குறுக்காக உருட்டினாள். மூன்று வாரமாக வளையப் பழகிய அந்தப் பந்து, பாலிஷ் போட்ட குற்றத்துக்காக எள்ளளவும் வளையாமல், கோடு கிழித்த மாதிரி போய் அந்த ஒற்றைக் கட்டையைத் தூக்கி எறிந்தது. மூன்றாவது பந்தில் ஏழு. நாங்கள் நான்கு கட்டையில் ஜெயித்தோம்.

கை தட்டினார்கள் பாருங்கள்! எட்டு அணியும் தட்டியது. துளைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தட்டினார். மருந்துக்கடை முதலாளியம்மா அழுகிற மாதிரி இருந்தாள், ஆனாலும் வந்து அண்ணியின் முழங்காலுக்கு ஒரு களிம்பின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பந்தைத் துடைக்கிற துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பந்தைக் கடைக்கு எடுத்துப்போனோம். துளைக்காரர் உப்புத்தாளை நனைத்து, பந்தைச் சுழலவிட்டுத் தேய்த்தார். குழந்தைக்கு ஊசி போடுகிறபோது திரும்பிக்கொள்வது போல அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். குமிழ், குழாய், மேஜை எல்லாம் கண்ணைப் பறித்தன. அலமாரியின் மேல் அந்த நீலப் பந்து மட்டும் மங்கலாக உட்கார்ந்திருந்தது. வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்த அண்ணன் அதைப் பார்த்தான். பெண்டாட்டிக்கு உதவி செய்யலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். துணியை எடுத்துக்கொண்டு போய் அதைத் தேய்க்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்று அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "அது அப்படித்தான் இருக்கணும்."

அண்ணன் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றான். முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதில்லை. மெல்லத் தன் கிரீஸ் கையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு, மேஜைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கை கழுவாமலே உட்கார்ந்தான்.

அண்ணி அவனையும் ஒன்றும் சொல்லவில்லை.